மேற்குப் பார்த்துத் திருப்பிய கட்டில்

போன வாரம் பிரசவ வார்டிலிருந்து கார்த்திகா கூப்பிட்டாள். நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண். இன்றும் ஏதாவது சிக்கல் என்றால் எனக்குத்தான் முதலில் போன் போடுவாள்.

"தனம் சிஸ்டர், ஒரு பேஷண்ட் இருக்காங்க. ஆறாம் மாசம். பிரஷர் ஏறிக்கிட்டே போவுது. என்ன சொன்னாலும் கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்றாங்க. மாத்திரை குடுக்கப் போனா, இருங்கன்னு கைய காட்டுறாங்க. நான் என்னதாங்க செய்யிறது?"

"முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நில்லு. முடிச்ச உடனே மாத்திரைய கையில வையி" என்றேன்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் இல்லை. ஆனால் அதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சுரக்குடியில் பிறந்தவள். சனிக்கிழமையானால் திருநள்ளாறு நோக்கிப் போகும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தேன். கோயிலும் விரதமும் வீட்டில் சாப்பாடு மாதிரி. நர்ஸ் படிப்பைப் புதுச்சேரியில் முடித்தேன். வேலை கிடைத்ததும் முதலில் மாஹே, பிறகு ஊருக்கே மாற்றல். காரைக்கால் வந்த பின் பிரசவ வார்டை விட்டு நான் அதிகம் நகரவில்லை. டியூட்டி நேரத்தில் மட்டும் சாமி பெயரைச் சொல்ல மாட்டேன். அது ஒரு கொள்கை என்று சொல்ல முடியாது. கையில் சிரிஞ்சு இருக்கும்போது மனம் வேறு பக்கம் போகக் கூடாது என்று ஒரு பழக்கம்.

எங்கள் டாக்டர் சாரதாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியிடம் பேச வேண்டுமென்றால் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நின்றுகொண்டு கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பார். "பயப்படாதம்மா" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. விஷயத்தைச் சொல்வார். சொல்லி முடித்து, "நான் என்ன சொன்னேன், நீ திருப்பிச் சொல்லு" என்று கேட்பார். அந்தப் பெண் தன் வார்த்தையில் சரியாகச் சொல்லும் வரை எழுந்திருக்க மாட்டார். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

நான் அவரிடம் சேர்ந்த புதிதில் பட்டினச்சேரியிலிருந்து ஒரு மீனவப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. உடனே ஆபரேஷன். மணிக்கட்டில் அவள் குலதெய்வத்துக் கோயிலில் கட்டிய மஞ்சள் கயிறு. தியேட்டருக்குள் போகும்முன் வளையல், கொலுசு, கயிறு எல்லாம் கழற்ற வேண்டும் என்பது விதி. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டு, "கயித்த அறுத்தா நான் உள்ள வர மாட்டேன்" என்று கத்தினாள். ஒவ்வொரு நிமிஷமும் குழந்தைக்கு ஆபத்து. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"கத்தரிக்கோல கீழ வையி தனம். பிளாஸ்டர் எடு."

கயிற்றின் மேல் சுத்தமான துணியைச் சுற்றி பிளாஸ்டர் போட்டு மூடினேன். ஊசி மறு கையில் ஏறியது. வாக்குவாதத்துக்குப் போக இருந்த நேரம் மிச்சமானது. குழந்தை பிழைத்தது. எனக்கு அது போதுமான பாடமாக இருந்தது.

இனி ரஹ்மத்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் அவளை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. வலி எதுவும் இல்லாமல் திடீரென்று ரத்தம் போயிருக்கிறது. கூட வந்தவர் அவள் மாமியார் ஹமீதாம்மா. ரஹ்மத்தின் கணவன் யூசுப்புக்கு வளைகுடாவில் ஒரு பெரிய கடையில் குளிர்பதன அறை வேலை. ஏற்கெனவே ஒரு பிரசவம், ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குழந்தை ஒரு நாள்கூட இருக்கவில்லை. இது இரண்டாவது.

ஸ்கேன் எடுத்ததில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, கர்ப்பப்பையின் வாசலை முழுக்க மூடிக்கொண்டிருந்தது. அதுவும் பழைய தழும்பின் மேல். இந்த மாதிரி நோயாளியை உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்கவே கூடாது. விரல் பட்டால் வெள்ளமாகப் போய்விடும். அட்டையில் சிவப்பு மையால் அதை எழுதி, கட்டில் கம்பியில் கட்டினோம்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று யோசித்ததையும் மறைக்கவில்லை.

"கொள்ளிடம் பக்கம் ரோட்டுல தண்ணி நிக்குது. வழியில திரும்ப ரத்தம் போனா வண்டியில ஒண்ணும் செய்ய முடியாது. இங்கயே வச்சுப் பார்க்கிறது மேல்னு எனக்குப் படுது. ஆனா நீ அசையாம கெடக்கணும். இப்ப நான் சொன்னத திருப்பிச் சொல்லு."

ரஹ்மத் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "நஞ்சு வாசல அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. வலி வந்தா ரத்தம் போவும். புள்ளைக்கி இன்னும் மூச்சு விடத் தெரியாது. அதனால எத்தன நாள் தள்ள முடியுமோ அத்தன நாள் தள்ளணும். நான் நடக்கக் கூடாது, குனியக் கூடாது, முக்கக் கூடாது."

"சரியா சொன்ன" என்று டாக்டர் எழுந்தார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பினால் கட்டில் காலி. ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் துப்பட்டாவை விரித்து, நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்தாள். துணியில் புதிதாகச் சிவப்பு.

நானும் வார்டு ஆயா செல்வியும் அவளை அப்படியே தூக்கிக் கட்டிலில் போட்டோம். அவள் எதிர்க்கவில்லை. நல்ல வேளையாக ரத்தப்போக்கு கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. குழந்தையின் துடிப்பும் கேட்டது. எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"நேத்து நீயே உன் வாயால சொன்னியே. குனியக் கூடாதுன்னு."

"சுஜூது செய்யாம எப்புடி சிஸ்டர் தொழுவுறது? முந்தி அந்தப் புள்ள வயித்துல இருந்தப்ப ஒரு வக்துத் தொழுகைகூட விடல நான்."

அதற்குள் ஹமீதாம்மா வந்துவிட்டார். துணியைப் பார்த்ததும் முகம் மாறியது. அவர் சொன்னது மருமகளுக்கு என் திட்டைவிடப் பலமாக விழுந்தது.

"ரத்தம் போவுது, இப்ப உனக்குத் தொழுகையே கெடையாதுடி. பேசாம படு."

ரஹ்மத் அழ ஆரம்பித்தாள். ரத்தம் போனதற்கு அழாதவள், ஆம்புலன்ஸில் அழாதவள், இப்போது தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் வயிறு குலுங்கியது. நான் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கல்லாக இறுகி, மெல்லத் தளர்ந்தது. இதுதான் பயம். இறுக்கம் தொடர்ந்தால் வலியாகும். வலியானால் எல்லாம் முடிந்தது. மருந்து ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, இந்த அழுகையை நிறுத்த என்னிடம் மருந்து இல்லை.

மாலை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்க யாரு?"

ஹமீதாம்மாவையே கேட்டேன். அவர் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா ஒருவர் இருந்தார். மறுநாள் காலை மழையில் நனைந்த குடையோடு வந்தார். சின்ன வயதுதான். கட்டிலருகே நின்றவருக்கு நானே ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ரத்தம் எப்போது வந்தது, எவ்வளவு நேரத்தில் நின்றது என்று என்னிடம் ஒரு டாக்டரைப் போல நிதானமாக விசாரித்தார். பிறகு ரஹ்மத்திடம் பேசினார்.

"கொஞ்ச நேரம் வந்து நின்ன ரத்தம், நோவு ரத்தம். அது தொழுகைக்குத் தடை இல்ல. நிக்க முடியாதவங்க உக்காந்து தொழுவலாம். உக்கார முடியாதவங்க படுத்துத் தொழுவலாம். தலைய அசைக்க முடியாட்டி கண்ணால செய்யலாம். டாக்டர் குனியாதன்னு சொன்ன பொறவு நீ குனிஞ்சா, அதுதான்மா தப்பு."

"ரத்தம் நிக்காமப் போனா?"

"அப்பவும் துஆ இருக்குல்ல? கேக்குறதுக்கு எந்த நேரமும் தடை கெடையாது."

ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "தொழுவ மொகம் வைக்கணும், கிப்லா எந்தப் பக்கம் வருது சிஸ்டர்?" என்றாள்.

எங்கள் வார்டில் கட்டில்கள் எல்லாம் வடக்குச் சுவரில் தலை வைத்து வரிசையாகக் கிடக்கும். டாக்டர் அவளை இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லியிருந்தார், குழந்தைக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் என்று. அப்படிப் படுத்தால் அவள் முகம் கிழக்கே இருந்தது. கட்டிலைத் தலைமாற்றித் திருப்பினால் இடது பக்கம் படுத்தபடியே மேற்கைப் பார்க்கலாம். நானும் செல்வியும் திருப்பினோம். ஹமீதாம்மா பார்த்துவிட்டு, "சரியா மேற்கு இல்லம்மா, வடக்கால கொஞ்சம் சாயணும்" என்றார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினோம்.

"தெக்கே தலை. எங்க வீட்டுலயும் இப்படித்தான் படுக்கச் சொல்லுவாங்க" என்றாள் செல்வி. ரஹ்மத் முதல் முறையாகச் சிரித்தாள்.

ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒழுங்கான வரிசையில் ஒரே ஒரு கட்டில் கோணலாகக் கிடக்கிறது. நான் காரணத்தைச் சொன்னேன். வார்டு ஒழுங்கு பற்றி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"ஆக்சிஜன் குழாய் எட்டுமா?"

எட்டவில்லை. நீளமான குழாய் ஒன்று வாங்கி மாட்டினோம்.

"தியேட்டருக்கு இப்படியே இழுத்துட்டுப் போக வழி இருக்கா? இழுத்துக் காட்டு."

ரஹ்மத்தைப் படுக்க வைத்தபடியே, சக்கரப் பூட்டைத் தள்ளிவிட்டுக் கட்டிலை இழுத்தோம். பக்கத்துக் கட்டிலின் அலமாரி இடித்தது. அதை அப்புறப்படுத்திவிட்டு மறுபடி இழுத்தோம். தியேட்டர் கதவு வரை போய்த் திரும்பினோம். டாக்டர் தலையசைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும், புதிதாக வரும் நர்ஸ் ஒரு தடவை கட்டிலை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அதற்கப்புறம் வந்த வாரங்கள் எல்லாம் ஒரே மாதிரி நகர்ந்தன. ரத்த வங்கியில் அவள் பெயரில் ரத்தம் எடுத்துவைத்திருந்தோம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசிகளைப் போட்டோம். படுக்கையிலேயே எல்லாம். ஹமீதாம்மா ஒரு பேசினும் குவளையுமாக, படுத்திருக்கும் அவளுக்குத் தொழுகைக்கு முன் ஒளு செய்துவைப்பார். முகம், கை, கால் என்று வரிசையாகத் துடைப்பார். பள்ளிவாசலில் பாங்கு கேட்கும்முன் நான் விரிப்பை மாற்றிவிடுவேன். அவள் கண்ணை மூடித் திறப்பாள். உதடு மட்டும் அசையும். முடித்த உடனே நான் துடிப்புக் கருவியை வயிற்றில் வைப்பேன். குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அவள், "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். நான் அட்டையில் எழுதுவேன்.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "அப்படி என்னதான் கேக்குற?"

"மொதல்ல புள்ளைய குடுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப அப்படிக் கேக்குறதில்ல சிஸ்டர். படுத்தே கெடந்தா முதுகு எரியுது. ஒடம்பெல்லாம் எந்திரி எந்திரின்னு சொல்லுது. எந்திரிக்காம இருக்க எனக்கு தெம்பு குடுன்னு கேக்குறேன்."

தினமும் சாயங்காலம் யூசுப் வீடியோவில் வருவான். வேலை உடுப்போடு, குளிருக்குப் போட்ட தடித்த சட்டையோடு நிற்பான். லீவு கேட்டிருப்பதாகவும் இன்னும் கிடைக்கவில்லை என்றும் சொல்வான். ஒரு தடவை அவன் அழுதுவிட்டான். "நீங்க அழுவாதீங்க. அழுவுறதப் பாத்தா எனக்கு வயிறு இறுக்குது" என்று இவள் போனை அணைத்துவிட்டாள். அணைத்துவிட்டு மேற்கே பார்த்துக் கிடந்தாள்.

புயல் சின்னம் உருவாகியிருப்பதாகத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய அன்று காலை ரவுண்ட்ஸ் முடிந்திருந்தது. நான் மேஜையில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "வந்துடுச்சு."

விரிப்பை விலக்கினேன். முன்பு வந்தது போல இல்லை. ஊற்று மாதிரி வந்துகொண்டிருந்தது. மணியை அடித்ததும் இன்னொரு நர்ஸ் ஓடிவந்தாள். இரண்டு கையிலும் பெரிய ஊசி ஏற்றினேன். செல்வி கால்மாட்டை உயர்த்திவிட்டு ரத்த வங்கிக்கு ஓடினாள். நான் துடிப்புக் கருவியை வைத்தேன். முதலில் வெறும் இரைச்சல்.

"இருக்கா சிஸ்டர்?"

நகர்த்தி வைத்தேன். கேட்டது. தாமதமாக, இடைவெளி விட்டு. "இருக்கு" என்றேன். பூட்டைத் தள்ளிவிட்டுக் கட்டிலை இழுத்தோம். எங்கும் இடிக்கவில்லை.

தியேட்டர் வாசலில் டாக்டர் தயாராக நின்றார். ஸ்டூல் போட நேரமில்லை. கட்டிலுக்கு அருகில் குனிந்து, அவள் முகத்துக்கு நேராகப் பேசினார்.

"ரஹ்மத், நஞ்சு தழும்புல ஒட்டியிருக்கலாம். ரத்தம் நிக்கலைன்னா கர்ப்பப்பைய எடுக்க வேண்டி வரும். சம்மதமா?"

ஹமீதாம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மவன கேட்டுட்டு…" என்றார். முடிக்கவில்லை. ரஹ்மத் கையை நீட்டினாள், பேனாவுக்கு.

"எடுங்க டாக்டர். புள்ளைய பாருங்க."

"உன்னையும் பார்ப்பேன்" என்றார் டாக்டர்.

கையெழுத்து கோணலாக விழுந்தது. கதவு மூடும்போது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஹமீதாம்மா வெளியே தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பெண் குழந்தை. டாக்டர் வெளியே எடுத்தபோது துவண்டு கிடந்தது. குழந்தைகள் டாக்டர் முகமூடி வைத்துக் காற்றைச் செலுத்தியதும் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. துணியில் சுற்றிப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஓடினார்கள். ரஹ்மத்துக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் செய்யக்கூடியதெல்லாம் செய்து பார்த்தார். நஞ்சு விடவில்லை. கடைசியில் கர்ப்பப்பையை எடுத்தார். எடுத்த பிறகுதான் நாடி கைக்குக் கிடைத்தது.

மயக்கம் தெளிந்ததும் டாக்டரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். குழந்தை உயிரோடு இருப்பதை. மூச்சுக்குக் கருவி உதவுவதை. இனி ஒரு குழந்தை கிடையாது என்பதை. திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை, அன்று மட்டும்.

டாக்டர் போனபின் ரஹ்மத் என் கையைப் பிடித்தாள். குழாய் வைத்திருந்ததில் தொண்டை கட்டியிருந்தது.

"புள்ள பெத்ததால எனக்கு இனி நாப்பது நாளு தொழுகை இல்ல. துஆ கேக்கலாம்னு பாத்தா, வாயே வரல சிஸ்டர். உள்ள ஒண்ணுமே இல்ல. நீங்க போய் கேளுங்க."

"நான் யாருகிட்டம்மா கேக்குறது?"

"உங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. புள்ள பக்கத்துல நின்னு கேளுங்க."

போனேன். கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனேன். வெதுவெதுப்பான விளக்கின் கீழே அது கிடந்தது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. நடுநடுவே மூச்சை மறந்துவிட்டு அப்படியே கிடக்கும். உள்ளங்காலைச் சுண்டினால் மறுபடி விடும். நான் சுண்டிக்கொண்டே நின்றேன். எனக்குத் தெரிந்த சாமி பெயர் எத்தனையோ. ஒன்றும் வரவில்லை. "விடு கண்ணு, மூச்ச விடு" என்பதுதான் வந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அது கடவுளிடம் கேட்டதா குழந்தையிடம் கேட்டதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டியூட்டி நேரத்தில் நான் செய்த ஒரே பிரார்த்தனை அது.

குழந்தை தேறினாள். யூசுப் லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது அவள் பஞ்சில் நனைத்த தாய்ப்பாலைச் சப்பத் தொடங்கியிருந்தாள். இப்போது கோவில்பத்தில் என் வீட்டைத் தாண்டித்தான் பள்ளி வேன் போகிறது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கத்திக்கொண்டு போகிறாள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கேட்கிற பிள்ளையாகத் தெரியவில்லை.

கார்த்திகாவுக்கு நான் சொல்ல நினைத்தது இன்னொரு காட்சி. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், ரஹ்மத் எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். குழந்தையைப் பார்க்கத் தள்ளு நாற்காலி கொண்டுபோனேன். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"நடந்து வர்றேன் சிஸ்டர்."

"தையல் வலிக்கும். தாழ்வாரம் நீளம்."

"வலிக்கட்டும். இவ்வளவு நாள் நடக்காமக் கெடந்ததே அங்க நடந்து போவத்தான்."

ஹமீதாம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காலைத் தரையில் வைத்தாள். கட்டில் கம்பியைப் பிடித்தாள். முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம் அப்படியே குனிந்து நின்றாள். நான் நாற்காலியைக் காலால் இழுத்தேன். அவள் அதைத் திரும்பியும் பார்க்காமல் முதுகை நிமிர்த்தினாள்.

அவளை ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன், தரையில் பார்த்திருக்கிறேன், வாரக்கணக்கில் கட்டிலில் பார்த்திருக்கிறேன். அவள் முழுசாக நின்று நான் பார்த்தது அன்றுதான். அவள் முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. என்னைவிட அவ்வளவு உயரம்.

"வாங்க" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.